பூர்ணம் விஸ்வநாதன் மாதிரி என்றால் எந்த மாதிரி?

நொய்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் குழு சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தைப் போடுகிறது. எனக்கு சீனிவாசன் வேடம். பார்க்கிற பெரியவர்கள் எல்லாம் 'பூர்ணம் விஸ்வநாதன் மாதிரி பண்ணு' என்கிறார்கள். 'மகாநதி'யில் ஜெயிலில் வரும் தாத்தா என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் யார்? அவர் மாதிரி என்றால் எந்த மாதிரி?"

தம்பி, ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: வினைச்சொல் வருகிறவரை குரலை இறக்காதீர்கள். ஆனால் அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வெறுமனே செய்து பார்த்தால் சரியாக வராது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தில்லித் தமிழ் நாடகங்களில் நாற்பது வருடம் இருந்தவன் நான். மேடையில் நின்றதைவிட மேடையோரத்தில், சைட் விங்கில், வசன நோட்டைப் பிடித்துக்கொண்டு ப்ராம்ப்ட் கொடுத்தது, அதாவது மறந்த வரியை எடுத்துக்கொடுத்ததுதான் அதிகம். ப்ராம்ப்ட் கொடுப்பவனுக்கு நடிகரின் முகம் பாதிதான் தெரியும். காதுதான் வேலை செய்யும். நான் சொல்லப்போவதும் காதால் தெரிந்துகொண்டவைதான்.

உங்களுக்கு அவர் ஜெயில் தாத்தா. என் அப்பாவுக்கு அவர் ரேடியோக் குரல். 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தியா சுதந்திரம் பெற்ற செய்தியை ஆல் இந்தியா ரேடியோவில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். 1921 நவம்பரில் பிறந்தவர், அன்றைக்கு அவருக்கு 25 வயது. அப்பா அப்போது கோல் மார்க்கெட் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த அறையில் இருந்த புதுக் குமாஸ்தா. ரேடியோ இருந்த வீட்டு வாசலில் நின்று கேட்டதாகச் சொல்வார். பிற்காலத்தில் சினிமாவில் அந்தக் குரல் வரும்போதெல்லாம், எத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தாலும், அப்பா கையைத் தூக்கிச் சும்மா இருக்கச் சொல்லுவார்.

குடும்பமே வார்த்தைகளோடு வாழ்ந்த குடும்பம். அண்ணன் பூர்ணம் ராமச்சந்திரன்தான் எழுத்தாளர் உமாசந்திரன். கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய 'முள்ளும் மலரும்' அவர் எழுதியது. 1978-ல் மகேந்திரன் இயக்கத்தில் படமாக வந்ததே, அந்தக் கதைதான். இன்னொரு சகோதரர் பூர்ணம் சோமசுந்தரம் மாஸ்கோவில் இருந்துகொண்டு ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். சல்லிசான விலையில் நம் வீடுகளுக்கு வந்த கெட்டி அட்டை ரஷ்யப் புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் நாவல், ஒருவர் மொழிபெயர்ப்பு. மூன்றாமவரும் ஒரு வகையில் மொழிபெயர்ப்பாளர்தான்.

அந்தக் காலத்தில் தில்லி ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்தவர் வெறும் வாசிப்பாளர் கிடையாது. பார்லிமெண்ட் தெருவில் இருக்கும் அந்தக் கட்டடத்தில், பொதுச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலப் பிரதி தாள் தாளாக வரும். தமிழ்ப் பிரிவில் இருப்பவர் அதைத் தமிழாக்கி, கடிகாரத்தைப் பார்த்துச் சுருக்கி, ஸ்டூடியோவுக்குள் போய் வாசிக்க வேண்டும். சில நாள் கடைசித் தாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேஜைக்கு வருமாம். தமிழ்ப் பிரிவில் பல வருடம் இருந்த என் நண்பர் ஒருவர் அந்த வேலையின் பெரிய கஷ்டத்தை எனக்கு ஒரு தடவை விளக்கினார். கரோல் பாகில் காபி குடித்துக்கொண்டே, பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

"பாதுகாப்பு அமைச்சர் இன்று மக்களவையில் பேசுகையில், எல்லையில் படைகள் குவிக்கப்படுவதாக வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்துள்ள செய்தி..."

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினார். "அடுத்த வார்த்தை 'உண்மை'யா 'உண்மையல்ல'வா? கேட்கிறவனுக்கு இன்னும் தெரியாது. ஆங்கிலத்தில் மறுத்தார் என்பது முதலிலேயே வந்துவிடும். நமக்கு எல்லாம் வாலில்தான் இருக்கிறது. நான் நடுவில் குரலை இறக்கிவிட்டால் அவன் கடைசி வார்த்தையைத் தவற விடுவான். மதுரையில் ஒருத்தன் சண்டை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவான்."

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பூர்ணத்தின் ஒரு படத்தைப் போட்டுக் கேட்டேன். பார்க்கவில்லை, திரும்பி உட்கார்ந்து கேட்டேன். எவ்வளவு நீளமான வசனமானாலும் அவர் குரல் வினைச்சொல்லைத் தாண்டாமல் கீழே உட்காரவில்லை. நடுவில் மூச்சு எடுக்கிறார், நிறுத்துகிறார், தழுதழுக்கிறார், ஆனால் ஒரு வாக்கியத்தின் வாலைக்கூட விழுங்கவில்லை. நம் நடிகர்களில் பெரும்பாலோர் உணர்ச்சி ஏறினால் வாக்கியத்தின் முதல் பாதியில் எல்லா பலத்தையும் கொட்டிவிட்டு, 'போயிட்டியேடா' என்பதில் 'டா'வை மென்றுவிடுவார்கள். இவர் அந்த 'டா'வுக்காகவே மீதி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பார். நாற்பது வருடமாக நான் ரசித்துக்கொண்டிருந்தது எதை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, ரேடியோ மட்டுமே நடிகனாக்கிவிடாது. தில்லியில் நாடகம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே குமாஸ்தா வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவர்கள் நம்மவர்கள். தமிழர்களுக்கான பள்ளிக்கூடம் 1923-லேயே தொடங்கியது. 1946-ல் தமிழ்ச் சங்கம். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு வாரம் முழுக்க ஆங்கிலமும் இந்தியும்தான். மாலையில் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் ரிகர்சல் என்றால் அங்கே மூன்று மணி நேரம் தமிழ் பேசலாம். தட்சிண பாரத நாடக சபா போன்ற குழுக்கள் அப்படித்தான் ஓடின. செகரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருப்பவர் மேடையில் திருடனாக வருவார். ரேடியோவில் இருப்பவர் மாமனாராக வருவார். பெண் வேடத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நடிக்கச் சம்மதிக்கும் மாமிகளுக்கு இருந்த மரியாதையே தனி. ரிகர்சல் நேரத்தையே அவர்கள் வீட்டுச் சமையலை ஒட்டித்தான் வைப்போம்.

காசு கிடையாது. ரஃபி மார்கில் ஐஃபாக்ஸ் ஹாலையோ மாவலங்கர் ஹாலையோ ஒரு சாயங்காலத்துக்குப் பிடிப்போம். ஒரே காட்சி, அதிகம் போனால் இரண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். மூன்றாவது வரிசையில் உங்கள் அண்டர் செக்ரட்டரி இருப்பார். அந்த மேடையில் மிகை நடிப்பு எடுபடாது. உங்களைத் தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறவர்களுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினால் அவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். பேசுகிற மாதிரிதான் பேச வேண்டியிருந்தது. தொழில்முறை நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களிடம் இருக்கும் அந்தக் கம்பீரத் தொனி பூர்ணத்திடம் இல்லாததற்கு இது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அவர் மேடையில் ஏறிய ஊர் இது. எதிரே இருந்தவர்கள் ஆபீஸ்காரர்கள்.

அப்புறம் சென்னைக்கு மாறிப் போனார். மத்திய அரசின் 'திட்டம்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். திட்ட கமிஷன் விஷயங்களைத் தமிழில் சொன்ன பத்திரிகை அது. பகலில் ஐந்தாண்டுத் திட்டம், மாலையில் நாடகம். அங்கே பூர்ணம் நியூ தியேட்டர் என்ற குழு. சுஜாதா நாடகங்கள் என்று இன்று நாம் சொல்லும் பலவும் இவருடைய மேடையில் உயிர் பெற்றவை: 'கடவுள் வந்திருந்தார்', 'அடிமைகள்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'ஊஞ்சல்'. சுஜாதாவும் 60களில் தில்லியில் வேலை பார்த்துவிட்டு 1970-ல் பெங்களூர் போனவர். அவர் எழுதும் வசனம் குட்டை குட்டையாக, அரைகுறையாக, ஆபீஸில் பேசுகிற மாதிரியே இருக்கும். நீட்டி முழக்கிப் பேசும் நடிகனிடம் அது செத்துப்போகும். சொல்லின் கடைசி எழுத்துவரை சுத்தமாகச் சொல்கிற, ஆனால் அலங்காரம் பண்ணாத ஒரு குரல் அதற்கு வேண்டியிருந்தது. எழுதியவருக்கு அந்தக் குரல் கிடைத்தது, அந்தக் குரலுக்கும் ஏற்ற எழுத்து கிடைத்தது.

இப்போது உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். சீனிவாசன் ரிடையரானவர். எதிர்காலத்திலிருந்து ஜோ என்று ஒருவன் வந்து நிற்கிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். பெண்டாட்டிக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியாது. கிழவருக்குப் பைத்தியம் என்கிறார்கள், பேய் என்கிறார்கள், பிறகு கடவுள் என்று காலில் விழுகிறார்கள். சபையில் இருப்பவர்களுக்கு ஜோ தெரிகிறான் என்பதுதான் இதில் சிக்கல்.

எங்கள் குழு ஆர்.கே.புரத்தில் இதைப் போட்டபோது நான் விங்கில் இருந்தேன். சீனிவாசனாக நடித்த நண்பர் நன்றாகவே செய்தார். ஆனால் இரண்டாம் காட்சியில், காபி டம்ளரோடு உள்ளே வந்த இன்னொரு நடிகர், வழியில் நின்ற ஜோவை இடிக்காமல் இருக்க ஓர் அடி ஒதுங்கினார். ஓர் அடிதான். பழக்கதோஷம். சபை கொல்லென்று சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு நாடகம் நிமிரவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு வழி விட்டவுடன், சீனிவாசன் தனியாக இருக்கிறார் என்ற எண்ணமே போய்விட்டது. அவருடைய தனிமைதான் அந்த நாடகம். வாழ்நாள் முழுக்கத் தன் பேச்சுக்கு ஆபீஸில் மதிப்பு இருந்த ஒருவர், ரிடையரான பிறகு சத்தியத்தைச் சொல்லியும் வீட்டில் யாரும் நம்பவில்லை. சிரிப்பு அதன் மேலே மிதக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேடத்தில் பூர்ணத்தை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கோடை லீவுக்கு ஊருக்குப் போகும் வழியில், சென்னையில் அத்தை வீட்டில் தங்கியபோது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி வந்த அலுப்பு உடம்பில் இருந்தது. நிறைய மறந்துவிட்டது. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது: அவர் ஜோவிடம் பேசும்போதும் பெண்டாட்டியிடம் பேசும்போதும் குரலை மாற்றவே இல்லை. சாதாரணமாக நடிகர்கள் என்ன செய்வார்கள்? கண்ணுக்குத் தெரியாதவனிடம் பேசும்போது ஒரு ரகசியத் தொனி, கண்ணை உருட்டுவது, இப்படி ஏதாவது. அவர் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி, நிதானமாக, நியாயம் கேட்கிற குரலில் பேசினார். தான் பார்ப்பது நிஜம் என்று அந்த மனுஷருக்கு அத்தனை நிச்சயம். சிரித்துக்கொண்டே இருந்த அத்தை, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செய்தி வாசிப்பவர் சாவுச் செய்தியையும் கிரிக்கெட் ஸ்கோரையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவர். கேட்பவன் அழ வேண்டுமானால் அவனே அழுதுகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். பூர்ணம் அந்தப் பழக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். இதை உங்கள் ரிகர்சலில் செய்து பாருங்கள்.

சினிமா பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசில் அந்தக் காலத்தில் 58-ல் ரிடையர்மெண்ட். அவருக்கு 58 ஆனது 1979-ல். பெரிய வேடங்கள் வரிசையாக வந்தது அதற்குப் பிறகுதான். 1980-ல் கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிகப்பு'. தில்லித் தமிழர்களுக்கு அது எங்கள் படம். வேலை கிடைக்காமல் தில்லியில் அலையும் பையனாகக் கமல். கதாநாயகி ஸ்ரீதேவி தில்லித் தமிழ் நாடகக்குழுவில் நடிக்கிற பெண்! கமலின் அப்பாவாக, சங்கீத வித்வானாக பூர்ணம். மகனைத் தேடித் தில்லி வரும் அப்பா, அவன் முடிதிருத்தும் கடையில் வேலை செய்வதைப் பார்க்கிற காட்சி ஒன்று வரும். அதைக் கட்டாயம் பாருங்கள். கடைசியில் பெரிதாகக் கத்தவோ மார்பில் அடித்துக்கொள்ளவோ எவ்வளவோ இடம் இருந்த காட்சி அது.

படங்களில் அவருக்குக் கிடைத்ததில் பாதி 'கதாநாயகியின் அப்பா'தான். கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும், வேறு வேலை இல்லை. மேடையில் இரண்டரை மணி நேரம் ஒரு நாடகத்தைத் தோளில் தூக்கியவரை நாலு காட்சிக்குக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்த நாலு காட்சியில் அந்த வீடு நிஜமான வீடாகிவிடும். 1989-ல் 'புதுப்புது அர்த்தங்கள்' படத்தில் சௌகார் ஜானகியோடு வயதான தம்பதியாக வருவார். அந்த இரண்டு பேருக்காகவே நான் அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன்.

நீங்கள் சொன்ன 'மகாநதி' 1994. அப்போது அவருக்கு 72 வயது. கமலோடு சிறையில் இருக்கும் பஞ்சாபகேசன். அந்தப் படத்தில் முக்கியமான பலரின் பெயர் நதியை ஒட்டித்தான் வரும். பஞ்சாபகேசன் என்பதும் திருவையாற்று ஐயாறப்பனின் பெயர், ஐந்து ஆறுகளின் சாமி. அடியும் அவமானமும் நிறைந்த அந்தச் சிறைக் காட்சிகளில், அவர் ஒருவர்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் போலப் பேசுகிறார். அதனால்தான் சுற்றி நடக்கிற கொடுமை நமக்கு இன்னும் கூடுதலாக உறைக்கிறது. அவருடைய மகள் பெயர் யமுனா. அடுத்த வருடம் வந்த 'ஆசை'யிலும் அவர் கதாநாயகியின் அப்பாதான், அந்த மகள் பெயரும் யமுனா, கதையும் பாதி தில்லியில் நடக்கும். தற்செயல்தான். ஆனால் யமுனைக் கரையில் குரலைப் பழக்கிய மனிதர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எங்களுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

டி.வி.யையும் விட்டுவிடக் கூடாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் அங்கே தெருவே காலியாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் எழுதுவார்கள். நாங்கள் இங்கே தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு மதியம் முறைவைத்து வரும் தமிழ்ப் படத்துக்குக் காத்திருந்தவர்கள். அவர் டி.வி.யில் நடித்ததில் எனக்குப் பார்க்கக் கிடைத்தது கொஞ்சமே. பார்த்தவரை, சின்னத்திரை அவருக்குப் பொருந்திப்போன இடம். குரலைக் கடைசி வரிசைவரை எறிய வேண்டாம், காமிரா பக்கத்திலேயே இருக்கிறது, ரேடியோ மைக் மாதிரி.

தில்லி மேடையில் அவருக்கு அடுத்த தலைமுறை பாரதி மணி. 1937-ல் நாகர்கோவில் பக்கம் பிறந்து, இளம் வயதில் தில்லிக்கு வந்து, இங்கேயே அரை நூற்றாண்டு நடித்தவர். எழுத்தாளர் க.நா.சு.வின் மாப்பிள்ளை. 2000-ல் வந்த 'பாரதி' படத்தில் பாரதியின் அப்பா சின்னசாமி ஐயராக நடித்தபிறகுதான் எஸ்.கே.எஸ். மணி, பாரதி மணி ஆனார். அவரும் இங்கே சீனிவாசன் வேடம் போட்டவர். கடைசிக் காலத்தில் பெங்களூரில் இருந்தார், 2021-ல் காலமானார். பூர்ணம் 2008 அக்டோபர் 1 அன்று, 86 வயதில் போனார். இருவருக்கும் வேலை வேறு, நாடகம் வேறு. ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ரிகர்சலுக்கு வந்தார்கள். நீங்களும் லேப்டாப் பையோடுதான் வருவீர்கள்.

பூர்ணம் மேடையில் செய்ததில் பெரும்பகுதி, பார்த்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அவரைக் காப்பி அடிக்க முயலாதீர்கள். அந்த லேசான நடுக்கம், கழுத்தைச் சாய்ப்பது, இதெல்லாம் அவர் உடம்புக்கு வந்தவை. நீங்கள் செய்தால் மிமிக்ரியாகிவிடும். வேறு ஒன்று செய்யுங்கள். சீனிவாசனின் வசனங்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். பத்து நாள் அதைச் செய்தி மாதிரி, எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், கோடு போட்ட இடம்வரை குரல் இறங்காமல் சத்தமாகப் படியுங்கள். பதினோராவது நாள் நோட்டை மூடிவிட்டு உங்கள் அப்பாவிடம் பேசுவதுபோல் பேசிப் பாருங்கள். உங்களோடு நடிப்பவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஜோ குறுக்கே நின்றால் நேராக நடந்து அவன் மேல் இடிக்கட்டும், ஒதுங்க வேண்டியது ஜோதான்.

ரிகர்சல் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். மெட்ரோ இருக்கிறது, மயூர் விஹாரிலிருந்து எனக்கு நொய்டா ஒன்றும் தூரமில்லை. நோட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.